எங்கள் வீட்டுச் சுட்டி: ஜாக் ரஸல் டெரியர்

"மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது" என்பது பழமொழி. இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் போதும். கேட்டில் கை வைக்கும் முன்பே ஒரு சிறு வெள்ளை உருவம் பாய்ந்து வந்து தெருவே அதிரக் குரைக்கும். அதுதான் எங்கள் ஜிம்மி. ஜாக் ரஸல் டெரியர் என்னும் இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்தைப் பற்றி நாங்கள் படித்தும் பட்டும் அறிந்தவற்றை அன்புத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

லத்தீன் மொழியில் 'டெர்ரா' என்றால் பூமி. பூமிக்குள் புகுந்து வேலை செய்யும் நாய்களாதலால் இவற்றிற்கு டெரியர் என்ற பெயர் வந்தது. ஜாக் ரஸல் என்பது ஒரு குருவானவரின் பெயர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஆங்கிலிக்கன் குருவான ஜான் ரஸல் (1795–1883) நரி வேட்டையில் பெருவிருப்பம் கொண்டவர். 1819ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, ஒரு பால்காரரிடமிருந்து 'டிரம்ப்' என்னும் பெண் நாயை அவர் வாங்கினார் என்பர். அதன் வழியாகவே இவ்வினம் உருவாயிற்று.

நரி வளைக்குள் ஒளிந்துகொண்டால் பெரிய வேட்டை நாய்களால் உள்ளே நுழைய முடியாது. டெரியர் நுழையும். நரியைக் கொல்வதன்று, குரைத்து வெளியே விரட்டுவதே அதன் வேலை. எனவே அதன் மார்பு, நம் இரு கைகளின் பிடிக்குள் அடங்கும் அளவே இருக்க வேண்டும் என்பது இலக்கணம். உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். எடை 5 அல்லது 6 கிலோ. நரியிலிருந்து எளிதில் பிரித்தறியவே வெண்ணிற உடலைத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர்.

இங்கிலாந்தில் நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துவிட்டது. வேட்டை போயிற்று; நாயின் இரத்தத்தில் ஊறிய குணம் போகவில்லை. இதை அறியாமல்தான் நாங்கள் தவறு செய்தோம்.

ஜிம்மி வந்த புதிதில் அதன் அழகு மட்டுமே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. நாங்கள் பள்ளிக்கும் பெற்றோர் அலுவலகத்திற்கும் சென்றபின் அது சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும். மாலையில் அவிழ்த்துவிட்டால் மல்லிகைப் பாத்தியைத் தோண்டும். செருப்பைக் கடித்துக் குதறும். அடித்தோம், அதட்டினோம், பயனில்லை. அண்டை வீட்டாரும் முகம் சுளித்தனர். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றே முடிவு செய்தோம். அதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் ஜிம்மியைச் சோதித்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கட்டி வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் தலை குனிந்தோம். "இதற்கு நோய் ஒன்றும் இல்லை, அம்மா. வேலைதான் இல்லை" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் மாறியது. காலையும் மாலையும் சேர்த்து ஒரு மணி நேரமாவது அதை நடத்திச் செல்கிறோம். நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே வெயில் ஏறும் முன்பும் வெயில் தாழ்ந்த பின்புமே வெளியே செல்ல வேண்டும். அணிலைக் கண்டால் எதையும் பாராமல் ஓடும் இனமாதலால், சாலையில் கழுத்துப்பட்டையும் கயிறும் கட்டாயம். தோட்டத்தின் ஒரு மூலையை மணல் கொட்டி அதற்கென்றே விட்டுவிட்டோம். அங்கே ஒரு பந்தைப் புதைத்து வைத்தால் மோப்பம் பிடித்துத் தோண்டி எடுத்து, வெற்றி வீரனைப் போல வாலை ஆட்டிக்கொண்டு வரும். கட்டளையைக் கேட்டு நடந்தால் உடனே பாராட்டுகிறோம். அடியால் கல்லாததை அன்பால் விரைவில் கற்றுக்கொண்டது. மல்லிகையும் மீண்டும் பூக்கிறது.

உணவிலும் கவனம் தேவை. சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. கிறிஸ்துமஸ் கேக்கில் உலர் திராட்சை இருப்பதால் பாசத்தோடு ஒரு துண்டு கொடுப்பதும் ஆபத்தே. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். குடிக்க எப்போதும் சுத்தமான நீர் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை உரோமத்தைச் சீவி, காதோரமும் விரலிடுக்கும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் தொடர வேண்டும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெற்றோர் திட்டுவார்களோ என்று அஞ்சி மறைக்கவே கூடாது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிரைக் காப்பது அநேகமாக இயலாது.

நன்கு பராமரித்தால் இந்நாய் 13 முதல் 16 ஆண்டுகள் வரை வாழும். ஆறாம் வகுப்பில் குட்டியைக் கேட்டு அடம்பிடிக்கும் தங்கை, கல்லூரிப் படிப்பை முடிக்கும்போதும் அது அவள் வரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும். அத்தனை ஆண்டுகளும் அதை நடத்திச் செல்ல நம்மால் இயலுமா என்று வீட்டார் அனைவரும் கூடிப் பேசிய பின்னரே குட்டியை வாங்க வேண்டும். இயலாதெனில் வாங்காதிருப்பதே அந்த வாயில்லா ஜீவனுக்கு நாம் செய்யும் நன்மை.

நாய் நன்றியுள்ள பிராணி என்று சிறு வயது முதல் கட்டுரை எழுதி வருகிறோம். அந்த நன்றிக்கு நாம் தகுதியானவர்களா என்பதை எங்களை எண்ணிப் பார்க்க வைத்தது ஜிம்மிதான்.