சுவர் ஏ.சி.: அன்றும் இன்றும்

1990களில் சென்னையில் ஒரு வீட்டுக்கு ஏ.சி. வருகிறதென்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். முதலில் வருபவர் கொத்தனார். சன்னலுக்கு அருகே சுவரை இடித்து, மரச்சட்டம் பதித்து, சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டுப் போவார். பிறகு நான்கு பேர் மூச்சுவாங்கத் தூக்கி வந்து அந்தப் பெட்டியைச் செருகுவார்கள். பாதி உடம்பு அறைக்குள், பாதி வெளியே. கீழே நடந்து போகிறவர் தலையில் தண்ணீர் சொட்டும். ஒரு வீட்டில் ஒரு ஏ.சி., ஓர் அறை. மே மாதத்தில் பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் அந்த அறையிலேயே பாய் விரிப்பார்கள்.

அந்தக் காலத்தில் ஏ.சி.யை மாற்றுவது என்ற பேச்சே குறைவு. கெப்பாசிட்டர் போனால் புதிது போடுவார்கள். ஃபேன் மோட்டார் எரிந்தால் காயில் கட்டுவார்கள். ஏப்ரலில் ஒரு வாட்டர் சர்வீஸ். பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒரு பையில் கொண்டுவரும் சாமான்களுக்குள் முழு மருத்துவமும் அடங்கிவிடும். பதினைந்து ஆண்டுகள் ஓடிய பெட்டிகள் அபூர்வமல்ல. பணம் சேர்த்து வாங்குவதுதான் மலை. வாங்கிய பிறகு பெரிதாக யோசிக்க எதுவுமில்லை.

2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. அந்தப் பத்தாண்டில்தான் ஸ்ப்ளிட் ஏ.சி. நடுத்தர வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. இரைச்சல் போடும் கம்ப்ரசர் மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ போய்விட, சுவரின் உச்சியில் வெள்ளை நிறத்தில் ஒரு நீளப் பெட்டி மட்டும் மிஞ்சியது. சுவரில் இடித்த பெருஞ்சதுரம் செம்புக் குழாய் நுழையும் சிறு துளையாகச் சுருங்கியது. இன்று பல வீடுகளில் கழற்றப்படுவது அந்தத் தலைமுறை ஸ்ப்ளிட்தான்.

அதற்கும் இப்போது வாங்கும் இன்வெர்ட்டர் ஏ.சி.க்கும் உள்ள முதல் வித்தியாசம் கம்ப்ரசர் ஓடும் விதம். பழையதற்குத் தெரிந்தது இரண்டே நிலை: முழு வேகம் அல்லது நிறுத்தம். அது கிளம்பும்போதெல்லாம் குழல்விளக்கு ஒரு கணம் மங்கும். அதனால்தான் ஸ்டெபிலைசர் அதன் கூடப்பிறந்ததுபோல் சுவரில் தொங்கியது. ஒன்றரை டன் பழைய ஏ.சி., கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் மணிக்கு 2 யூனிட்டை ஒட்டி இழுக்கும். இன்வெர்ட்டர் அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடும். நள்ளிரவுக்கு மேல் அதில் ஒரு சிறு பங்கே செலவாகும்.

அரசு விதிகளும் கூடவே மாறின. அறை ஏ.சி.களுக்கு நட்சத்திர முத்திரை 2010இல் கட்டாயமானது. 2018 முதல் இன்வெர்ட்டருக்கும் சாதாரண ஏ.சி.க்கும் ஒரே அளவுகோல் வந்தது. 2020 முதல் புதிய ஏ.சி.க்கள் 24 டிகிரியை இயல்பு அளவாக வைத்தே விற்பனைக்கு வருகின்றன. நட்சத்திரத்துக்கான தரம் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், 2010இல் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஏ.சி. இன்றைய கணக்கில் வெகுவாகப் பின்தங்கிவிடும். முத்திரையில் அச்சிட்ட ஆண்டு மின்செலவு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. சென்னையில் மார்ச் முதல் அக்டோபர் வரை இரவு எட்டு மணி நேரம் ஓட்டினாலே 1,900 மணியைத் தாண்டும். இந்த ஊர்க்காரருக்கு முத்திரையில் உள்ளதைவிடச் செலவும் கூடும், நல்ல ஏ.சி.யால் வரும் மிச்சமும் கூடும்.

அந்த மிச்சம் ஈ.பி. அட்டையில் இன்னொரு வழியிலும் தெரியும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ் அடுக்கிலும் விலை சேர்ந்து உயர்கிறது. கோடையில் பழைய ஏ.சி. பல வீடுகளை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடுகிறது.

இரண்டாவது வித்தியாசம் கேஸ். பழைய ஏ.சி.யில் இருப்பது ஆர்-22. அது ஓசோன் படலத்தை அரிப்பது. 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகம் முழுவதும் படிப்படியாக விடைபெறுகிறது. இப்போது பரவலாக வருவது ஆர்-32. ஓசோனை அது தொடாது. புவியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு. ஆர்-22க்கு அது சுமார் 1,800 மடங்கு. ஆனால் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது, அதிக அழுத்தத்தில் ஓடுவது. அன்று குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றக் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு, “அவ்வளவுதான் சார்” என்று கிளம்பிய மெக்கானிக் உண்டு. இன்று அந்தக் கைவேலை ஆகாது. வேக்யூம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகே கேஸைத் திறக்க வேண்டும். சுவருக்குள் இருக்கும் பழைய செம்புக் குழாயையே போதுமென்று விட்டுவிடுவதும் ஆபத்து: உள்ளே பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும், தடிமன் புதிய அழுத்தத்துக்குப் போதாமலும் போகலாம். நல்ல ஏ.சி.யை அரைமணி நேரத்தில் அவசரமாக மாட்டிவிட்டுப் போனால் அதன் ஐந்து நட்சத்திரமும் காகிதத்தில்தான்.

“கேஸ் இறங்கிடுச்சு சார்” என்ற வருடாந்திர வசனம் மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. ஏ.சி.யில் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்று காயிலை அரித்து ஓட்டை போடுவது வழக்கம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது வீண்செலவு. காயில் முழுக்க அரித்துப்போன பழைய ஆர்-22 ஏ.சி.க்கு மேலும் பணம் போடுவதைவிட மாற்றுவதே லாபம்.

அன்றைய பெட்டிக்கு இருந்த, இன்றையதற்கு இல்லாத வசதி ஒன்றும் உண்டு. அன்று எந்தப் பழுதுக்கும் தெருவிலேயே மருந்து இருந்தது. இன்று பி.சி.பி. போர்டு எரிந்தால் கம்பெனியைத்தான் பார்க்க வேண்டும், விலையும் கடிக்கும். ஆகவே ஓடுகிற ஏ.சி.யை விளம்பரம் பார்த்து மாற்ற வேண்டியதில்லை. வருடத்தில் சில வாரங்களே ஓடும் விருந்தினர் அறை ஏ.சி. பழையதாகவே இருக்கட்டும். தினமும் இரவெல்லாம் ஓடும் படுக்கையறை ஏ.சி.யைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

மாற்றும் நாளில் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள். பழைய ஸ்ப்ளிட்டைக் கழற்றும்முன் அதை ஓடவிட்டு, சிறிய குழாயின் வால்வை முதலில் மூடினால் கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் போய்ச் சேரும். பிறகு பெரிய குழாயை மூடி ஏ.சி.யை நிறுத்திக் கழற்றலாம். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் குழாயை வெட்டினால் அத்தனை ஆர்-22வும் காற்றில் கலக்கும். செம்புக்காக யூனிட்டைக் காயலான் கடையில் உடைத்தாலும் அதே கதிதான். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் பழைய சாதனங்களை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்துள்ளன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையது எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு, பதில் தெரிந்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.