கடல் கடந்த நாட்டில் ஊர் தெரிதல்



பாடசாலை அதிபரைத் தேடிப் பழைய மாணவர் வருவது பெரும்பாலும் ஒரு நற்சான்றிதழின் பொருட்டேயாம். அவ்வாறு வருவோருட் பலர் இப்பொழுது வெளிநாடு செல்ல ஆயத்தமானவர்கள். எந்த நாடு என்று கேட்டால் உடனே விடை வரும். அந்நாட்டில் எந்த ஊர் என்று கேட்டால் ஒரு பெருநகரின் பெயர் வரும். அன்றேல் மௌனமே விடையாகும். நகரத்து வீட்டு வாடகையைக் கேள்வியுற்ற சிலர் மாத்திரம், "நாட்டுப்புறத்திற் குடியேறினால் என்ன, ஐயா?" என்று வினவுகின்றனர். நல்ல வினா. அதற்கு அவுஸ்திரேலிய நாட்டின் அனுபவத்தைக் கொண்டு விடை காண முயல்வோம்.

அந்நாட்டுச் சட்டமே குடியேறுவோரை நாட்டுப்புறம் நோக்கி அழைக்கின்றது. 2019 நவம்பரில் ஆரம்பிக்கப்பட்ட 491 ஆம் இலக்க விசா, தொழிற்றிறன் உடையோருக்கு 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது. அதனைப் பெறுவோர் 'பிரதேசப் பகுதி' எனக் குறிக்கப்பட்ட இடங்களிலேயே வாழ்ந்து தொழில் புரிதல் வேண்டும். குறைந்தது 3 ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்து, ஏனைய நிபந்தனைகளையும் நிறைவேற்றியோர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அச்சொல்லைக் கேட்டு மயங்கலாகாது. சிட்னி, மெல்பேண், பிறிஸ்பேன் என்னும் மூன்று பெருநகரங்கள் நீங்கலாக எஞ்சிய இடமெல்லாம் சட்டத்தின் கண்ணிற் பிரதேசப் பகுதியே. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் பேர்த், அடிலெயிட் நகரங்களும் அதில் அடங்கும். அயல் வீட்டுக்குப் பல மைல் செல்ல வேண்டிய செம்மண் வெளியும் அதில் அடங்கும். எனவே சட்டம் வாயிலைத்தான் திறந்துவிடும். உள்ளே எந்த ஊர் என்பதை நாமே ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.

முதலில் ஆராயத்தக்கது நீர். நாட்டின் உறுப்புக்களை எண்ணப் புகுந்த வள்ளுவரும் நீரையே முதலில் வைத்தார். இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியிற் குடியேறிய நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தென் அவுஸ்திரேலியாவில் 1865 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை மாத்திரம் கூறுகின்றேன். அம்மாநிலத்தின் நில அளவைத் தலைவராயிருந்த ஜோர்ஜ் கோய்டர், வறட்சி எதுவரை பரவியுள்ளதென்று காணக் குதிரையேறி நெடுந்தூரம் சுற்றினார். அவர் நோக்கியது மண்ணில் இயல்பாக முளைத்திருந்த செடிகளை. உவர்ப் புதர்கள் மிகுந்த இடத்தில் மழை நம்பத்தக்கதன்று. மல்லி எனப்படும் குட்டை யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கும் இடத்தில் ஓரளவு நம்பலாம். இவ்விரண்டுக்கும் இடையே நிலப்படத்தில் ஒரு கோடு வரைந்து, அதற்கு வடக்கே கோதுமை பயிரிடுதல் தகாது என்று அவர் எச்சரித்தார்.

1870 களில் நல்ல மழை பெய்தது. கோட்டுக்கு அப்பாலும் பசுமை படர்ந்தது. ஏர் சென்ற இடத்துக்கு மழை பின்தொடரும் என்று அக்காலத்திற் சிலர் நம்பினர். கோய்டரை எள்ளி நகையாடியவர்களும் உளர். குடியானவர்கள் வடக்கே சென்று கல்வீடு கட்டி உழுதனர். 1880 களின் தொடக்கத்தில் வறட்சி வந்தது, விளைச்சல் பொய்த்தது, பலர் அனைத்தையும் விட்டு வெளியேறினர். அவர்கள் கட்டிய வீடுகளின் குட்டிச்சுவர்கள் இன்றும் அப்புலத்தில் நிற்கின்றன. அம்மக்கள் சோம்பேறிகளல்லர். ஓர் ஊரை அதன் நல்ல ஆண்டிற் கண்டு, எக்காலமும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணியதே அவர்கள் செய்த பிழை. ஊர் தெரிவோர் யாவரும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இதுவே எனலாம்.

இரண்டாவது, தூரம். வரைபடத்தில் ஒரு விரற்கடையாகத் தோன்றும் இடைவெளி அங்கே ஒருநாட் பயணமாக இருக்கலாம். வைத்தியர் இன்றி மக்கள் மாண்டமையாலேயே ஜோன் பிளின் என்னும் பாதிரியார் 1928 இல், குயீன்ஸ்லாந்தின் குளொன்கறி என்னும் ஊரிலிருந்து விமான மூலம் வைத்திய சேவையைத் தொடக்கி வைத்தார். பாடசாலை எட்டாத பிள்ளைகளுக்கென 1951 இல் அலிஸ் ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்தில் வானொலி வழியாக வகுப்பு நடத்தும் பாடசாலை தோன்றியது. வானொலியின் முன் அமர்ந்திருக்கும் நேயர்களுக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும். ஆயின் இவ்வரிய ஏற்பாடுகள் உணர்த்தும் உண்மை வேறொன்று: அத்தகைய தனிமை அங்கு உண்டு. ஆகவே, பிள்ளைப்பேறு எந்த வைத்தியசாலையில் நிகழும், உயர்தர வகுப்பு எங்கே உண்டு என்னும் இரு வினாக்களுக்கும் விடை பெறாமல் வீட்டைப் பார்த்தல் ஆகாது.

மூன்றாவது, தொழிலும் மக்களும். விக்டோரியா மாநிலத்தில் மெல்பேணுக்கும் அடிலெயிட்டுக்கும் ஏறத்தாழ நடுவழியில் நில் என்னும் சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ 2,000 பேர் வாழும் அவ்வூரில் மக்கள் தொகை குறைந்துவந்தது. அங்குள்ள வாத்து இறைச்சித் தொழிற்சாலைக்கு ஆள் கிடைக்கவில்லை. பர்மாவிலிருந்து அகதிகளாக வந்து மெல்பேணில் வாழ்ந்த கரென் இன மக்கள் 2010 முதல் அங்கே குடியேறலாயினர். அவர்கள் ஊரை அறியாமற் செல்லவில்லை. முன்கூட்டியே சென்று பார்த்தனர். முதலிற் சிலரே வேலைக்கமர்ந்தனர். ஊரவர்க்குக் கரென் மக்களைப் பற்றியும், கரென் மக்களுக்கு ஊரைப் பற்றியும் எடுத்துச் சொல்லப்பட்டது. ஊரவர் ஆங்கிலம் கற்பித்தனர். வீடு தேட உதவினர். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 160 பேர் அங்கே வேரூன்றினர். அவர்கள் வரவால் அப்பிரதேசப் பொருளாதாரம் 4 கோடி டொலருக்கு மேற்பட்ட பயன் அடைந்ததென்று 2015 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரே தொழிற்சாலையை நம்பிய ஊரில், அதன் கதவு மூடப்பட்டால் யாது செய்வோம் என்பதையும் முன்னரே எண்ணுதல் நன்று. மனைவிக்கும் ஏற்ற தொழில் அவ்வூரில் உண்டா என்பதையும் கேட்டல் வேண்டும்.

நம்மவர் தொடர்புடைய ஊர் ஒன்றும் உண்டு. குயீன்ஸ்லாந்தின் உட்பகுதியிலுள்ள பிலோயீலா என்னும் சிற்றூரில், ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம் வாழ்ந்தது. தந்தை அவ்வூர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். 2018 மார்ச் மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் அதிகாரிகள் பெற்றோரையும் இரு பெண் குழந்தைகளையும் தடுப்பு முகாமுக்குக் கொண்டு சென்றனர். அக்குடும்பம் சில காலமே அங்கு வாழ்ந்திருந்தது. இருந்தும் ஊரவர் அவர்களை மறக்கவில்லை. கையொப்பம் திரட்டினர், ஆட்சியாளரிடம் முறையிட்டனர், நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓயாது நின்றனர். 2022 ஜூன் மாதத்தில் அக்குடும்பம் அவ்வூருக்கே மீண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் நிரந்தர வதிவிட உரிமையும் பெற்றது. எல்லா ஊரும் அவ்வாறு நிற்கும் என்று கூற இயலாது. ஆயின் வந்தவரின் பெயரறிந்து, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் சிற்றூரில் மனிதருக்குக் கிடைக்கக்கூடிய காவல் எத்தகையது என்பதை அது காட்டிற்று.

முடிவாக, நடைமுறைக்கு உதவும் சிலவற்றைக் கூறி அமைகின்றேன். ஓர் ஊரை அதன் இனிய பருவத்தில் மாத்திரம் பாராமல், கடுங்கோடையிலும் சென்று பாருங்கள். நிலமோ வீடோ உடனே வாங்காது ஓராண்டு வாடகைக்கு இருங்கள். அவ்வூர்ப் பாடசாலையின் மாணவர் தொகை கூடுகின்றதா, குறைகின்றதா என்று கேளுங்கள். ஓர் ஊரின் வருங்காலத்தை அதன் பாடசாலை இடாப்பு மறைக்காது. முன்னர் அங்கே குடியேறியவர் எவரேனும் இருப்பின் அவரைக் கண்டு பேசுங்கள். விட்டுப் போனவர் எவரேனும் இருப்பின் அவரையும் அவசியம் கண்டு பேசுங்கள். அழகிய ஊர்கள் பலவுண்டு. மழை பொய்த்த ஆண்டிலும், வேலை போன மாதத்திலும், பிள்ளை காய்ச்சலாற் கிடக்கும் இரவிலும் அங்கே நமக்கு யார் உளர் என்னும் வினாவுக்கு விடை தரும் ஊரே குடியேறத்தக்க ஊர்.