கிருமி எங்கிருந்து வந்தது?

முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்கு இரண்டாவது வாரத்தில் தையலோரம் ஈரம் கசியத் தொடங்கினால், குடும்பத்தினரின் சந்தேகம் நேராக மருத்துவமனை மேல்தான் போகும். தியேட்டரைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையைக் காட்டுகிறது.

அவர்கள் 204 நோயாளிகளிடம் ஆபரேஷனுக்கு முன்பே மூக்கு, தோல், மலக்குடல் ஆகிய இடங்களிலிருந்து கிருமி மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு யாருக்கெல்லாம் காயத்தில் தொற்று வந்ததோ, அந்தக் கிருமியின் மரபணுவைப் பழைய மாதிரியோடு ஒப்பிட்டார்கள். 86 சதவீதத் தொற்றுகளில் கிருமி நோயாளியின் உடலிலேயே முன்பு குடியிருந்ததுதான்! அங்கே சிகிச்சை பெற்ற 1,610 பேரை ஆராய்ந்தும், ஒரே மூலத்திலிருந்து பலருக்குப் பரவியதற்குத் தடயம் கிடைக்கவில்லை. இன்னொரு கண்டுபிடிப்பு கவலை தருவது. 59 சதவீதத் தொற்றுகளில், முன்னெச்சரிக்கையாகப் போட்ட ஆன்டிபயாட்டிக்குக் கிருமி அடங்கவே இல்லை.

இதை வைத்து மருத்துவமனைகள் பொறுப்பைத் தட்டிக்கழித்துவிட முடியாது. தியேட்டர் ஒழுங்கைக் கறாராகக் கடைப்பிடிக்கும் ஓரிடத்தில் வந்த முடிவு இது. எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாதாரண டிஸ்க் ஆபரேஷனில் தொற்று நூற்றில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்பை இணைக்கும்போது அந்த வாய்ப்பு சில மடங்கு கூடுகிறது. குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல, கிருமிகள் உலோகத்தின் மேல் ஒட்டிப் படலமாகப் படர்கின்றன. அந்தப் படலத்துக்குள் இருப்பவற்றை மருந்து எளிதில் எட்டுவதில்லை. அதனால் சிலருக்குக் காயத்தை மறுபடி திறந்து கழுவவும், சிலருக்கு வைத்த கம்பியையே எடுக்கவும் நேர்கிறது.

தடுக்கும் வழிகளில் அதிகம் பேசப்பட்டது வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பொடி. காயத்தைத் தைத்து மூடுவதற்குச் சற்று முன், ஒரு கிராம் பொடியை உள்ளே தூவுவார்கள். அவ்வளவுதான் வேலை. 2011-ல் அமெரிக்க மருத்துவர்கள் பழைய பதிவேடுகளை ஒப்பிட்டு, ஆழமான தொற்று 2.6 சதவீதத்திலிருந்து 0.2 ஆகக் குறைந்தது என்று எழுதியதும் பல நாடுகளில் பொடி பரவியது. கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் அதை முறையாகச் சோதித்தார்கள். 907 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். 2013-ல் வெளிவந்த முடிவு: தொற்று வந்தது பொடி போடாதவர்களில் 1.68 சதவீதம், போட்டவர்களில் 1.61 சதவீதம். ஏற்கெனவே தொற்று குறைவாக உள்ள இடத்தில் பொடியால் கூடுதல் பலன் இல்லை. உலகமே நம்பத் தொடங்கிய ஒன்றைப் பொறுமையாக அளந்து பார்த்த இந்த ஆய்வு, தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஒன்று.

இன்னொரு பெரிய நம்பிக்கையும் பொய்த்தது. ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கு எதிராக ஃபைசர் உருவாக்கிய தடுப்பூசியை, முதுகில் கம்பி வைக்கவிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். பலன் பூஜ்யம். சோதனை பாதியிலேயே நின்றது. அதே நேரம், தைவானில் 414 பேரிடம் நடந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், நீர்த்த பெட்டாடைனால் காயத்தைக் கழுவியவர்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. கழுவாத பிரிவில் 7 பேருக்கு வந்தது. விலை மலிவான மருந்து அது.

இப்போது ஆய்வு ஆளுக்கேற்ற தடுப்பை நோக்கி நகர்கிறது. ஒருவரின் மூக்கிலும் தோலிலும் என்ன கிருமி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக்கைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்பதே கேள்வி. ஆனால் தொற்றைத் தடுக்க நோயாளி தானே செய்யக்கூடிய இரண்டு, அதாவது சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் புகையை நிறுத்துவதும், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாள் குறித்த அன்றே தொடங்கலாம்.

ஆபரேஷனுக்குப் பின் குறைந்துவந்த வலி திரும்ப ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயம் கசிந்தாலோ, மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் விழுங்காதீர்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு மாதிரி எடுக்கும் முன் மருந்து உள்ளே போனால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். சில கிருமிகள் கல்ச்சரில் தலைகாட்டவே 14 நாள் வரை எடுத்துக்கொள்ளும். முதலில், ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போங்கள்.