கண்ணுக்குத் தெரியாத வேலை



தையற்காரர் சட்டையைப் பிழையாகத் தைத்துவிட்டால், அணிந்த மாத்திரத்தே அது தெரிந்துவிடுகிறது. தச்சர் செய்த கதவு சரியில்லையேல், சாத்தும்போதே அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. மோட்டார் வண்டிக்கு எண்ணெய் மாற்றும் வேலையோ அத்தகையதன்று. பழைய எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டதா, புதிய வடிகட்டி பூட்டப்பட்டதா, கூறிய தரத்து எண்ணெய்தான் ஊற்றப்பட்டதா என்பனவெல்லாம் மூடிய இரும்புக்குள் மறைந்திருப்பவை. வேலை செம்மையாக நடந்திருந்தாலும் வண்டி ஓடும். நடவாதிருந்தாலும் சில காலம் ஓடவே செய்யும். பழுது வெளிப்படும் நாளில், அதற்குக் காரணமான நாளை எவரும் நினைவிற் கொண்டிருப்பதில்லை. இத்தொழிலில் நேர்மையீனமும் கவனக்குறைவும் எளிதில் இடம்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

சில நிமிடங்களில் எண்ணெய் மாற்றித் தரும் விரைவுக் கடைகள் 1970களில் ஐக்கிய அமெரிக்காவிலே பெருகத் தொடங்கின. 2006ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்று, மறைவான கமராக்கள் பொருத்திய வண்டிகளை அத்தகைய கடைகளுக்குக் கொண்டுசென்று சோதித்தது. செய்யாத வேலைகளுக்குப் பல கடைகளிற் பணம் அறவிடப்பட்டமை அப்போது அம்பலமாயிற்று. சிட்டையில் எல்லாம் செய்ததாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் வாசிக்காமலே சரியடையாளமிட்ட கொப்பிக்கும் அத்தகைய சிட்டைக்கும் வேறுபாடில்லை.

எஞ்சினுக்கு எண்ணெய் ஆற்றும் தொண்டு யாது? சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் உலோகப் பகுதிக்கும் இடையில் மயிரினும் மெல்லிய படலமாய் நின்று, அவை ஒன்றோடொன்று உராயாமற் காக்கிறது. வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. அப்படலம் அறுந்தால் சில நிமிடங்களிலேயே எஞ்சின் இறுகி நின்றுவிடக்கூடும். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு, அது வீட்டில் அடுப்பு அணைவதற்கு ஒப்பாகும்.

அழுக்கை ஏற்பது எண்ணெயின் தொழிலாதலின், அது கறுப்பது இயல்பே. டீசல் எஞ்சினில் ஊற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிடும். ஆகவே, கரிய எண்ணெயைக் காட்டி, ‘எஞ்சினைக் கழுவ வேண்டும், விசேட மருந்து ஊற்ற வேண்டும்’ என ஒருவர் அச்சுறுத்துவாராயின், உடனே உடன்பட வேண்டியதில்லை. எண்ணெய் மாற்றும் தவணையை நிறத்தைக் கொண்டு முடிவுசெய்தலாகாது. ஓடிய தூரத்தையும் கழிந்த காலத்தையும் கொண்டு, வண்டியை ஆக்கியோரின் கைந்நூல் அதனை வகுத்துக் கூறும்.

எனவே, கடைக்குச் செல்லுமுன் அக்கைந்நூலைப் பாருங்கள். நம்மவர் பலரிடமுள்ளவை ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வண்டிகளாதலின், அது ஜப்பானிய மொழியில் இருக்கக்கூடும். ஆயினும் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியிலே ‘0டபிள்யூ-20’, ‘5டபிள்யூ-30’ என்றவாறு தரம் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் இளகிப் பாயும் இயல்பையும், பின்னுள்ள எண் சூட்டில் அதன் தடிப்பையும் குறிப்பன. தரத்தையும், எஞ்சின் எத்தனை லீற்றர் கொள்ளும் என்பதையும் ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். கூலியையும் பொருள்களின் விலையையும் தொடக்கத்திலேயே கேளுங்கள். சொல்லாத வேலை எதனையும் உங்கள் சம்மதமின்றிச் செய்யவேண்டாமெனக் கூறிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது அருகில் நில்லுங்கள். எண்ணெய்க் கலனின் மூடி உங்கள் முன்னிலையிலே திறக்கப்படட்டும். கழற்றிய வடிகட்டியைக் கேட்டுப் பாருங்கள். அதன் றப்பர் வளையமும் அதனோடு வந்திருக்க வேண்டும். வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புதிய வடிகட்டியைப் பூட்டினால், இரண்டு வளையங்களுக்கும் இடையால் எண்ணெய் பீறிட்டு வெளியேறும். இது வஞ்சனையால் நேர்வதன்று, அவசரத்தால் நேர்வது. எண்ணெயை வடிக்கும் அடித் திருகாணியும் அவ்வாறே: அளவுக்கு மீறி இறுக்கினால் புரி தேயும், தளரவிட்டால் ஒழுகும். எஞ்சினின் திருகாணியென்று எண்ணிக் கியர்ப்பெட்டியின் திருகாணியைக் கழற்றிவிடுவோரும் உளர்.

பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி அணைத்து, சில நிமிடங்களின் பின் அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, மீண்டும் செலுத்திப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையில், மேற்குறியை அண்மி நிற்றல் வேண்டும். குறைவது தீங்கென்பது யாவரும் அறிந்ததே, கூடுவதும் தீங்குதான். மிகுந்த எண்ணெயைச் சுழல்தண்டு அடித்து நுரையாக்கிவிடும். அன்றிரவு வண்டியின் கீழே ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். ஒழுக்கு இருந்தால் காலையில் அது சாட்சி சொல்லும். ஓடும்போது எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியுமாயின், ‘வீடு அண்மையில்தானே’ என்று எண்ணாது, உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

திகதி, வண்டி ஓடிய தூரம், எண்ணெயின் பெயர், தரம், அளவு ஆகியன எழுதப்பட்ட பற்றுச்சீட்டைப் பெற்றுப் பேணி வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு வெறும் வாய்ச்சொல்லாய் நின்றுவிடும்.

இவ்வாறெல்லாம் கேட்டால் வேலை செய்பவரின் மனம் நோகுமே எனச் சிலர் கூசுவர். எண்ணெய்க் கறை படிந்த உடையோடு நாள் முழுதும் வண்டிகளின் கீழே உழைக்கும் அத்தொழிலாளரை இழிவாக நோக்குதல் தகாது. மரியாதையோடு கேளுங்கள். நேர்மையான தொழிலாளி தம் வேலையைக் காட்டப் பின்னிற்பதில்லை; அவருடைய நற்பெயருக்கும் அதுவே காவல். காட்ட மறுப்பவரிடம் மறுமுறை செல்லாதிருப்பதே நலம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. எஞ்சினிலே ஊற்றுவதை அளந்து ஊற்றச் சொல்வதற்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?