இரண்டு வருஷத்து டாக்டர்

பேராக்கின் வடமேற்கு மூலையில், கிரியான் மாவட்டத்தில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது பாரிட் புந்தார். ஆற்றைத் தாண்டினால் கெடாவின் பண்டார் பாரு. சில கிலோமீட்டரில் பினாங்கின் நிபோங் தெபால். இந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு நெல் வயல்காரர்களும் வருகிறார்கள், கடலோர மீனவர்களும் வருகிறார்கள், தோட்டங்களை விட்டுத் தாமான் வீடுகளில் குடியேறிய தமிழர்களும் வருகிறார்கள். மலேசியாவின் அரசாங்க கிளினிக்குகளில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கிக்கொண்டு போகலாம். இப்படிப்பட்ட மாவட்டங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பல சமயம் கட்டாயச் சேவைக்காக அனுப்பப்பட்ட இளம் டாக்டர்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பது கிரியான் தமிழர்களுக்குத் தெரியாத கதையல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் காய்ச்சலிலும் சீதபேதியிலும் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்த பிறகும், தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் டிரசர்தான். காயத்துக்குக் கட்டுப் போடுவார், மலேரியாவுக்குக் கொயினா கொடுப்பார், வீட்டு விவகாரம் வரை அவருக்குத் தெரியும். படித்த டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவாகக் குறித்த நாளில் வந்து போவார். சுதந்திரத்துக்குப் பிறகும் டாக்டர்கள் பட்டணத்திலேயே தங்கினார்கள்.

1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் இதை மாற்றப் பார்த்தது. ஓராண்டு ஹவுஸ்மேன் பயிற்சி முடித்தவர் மூன்றாண்டு அரசாங்கத்தில் வேலை செய்தாக வேண்டும். 2008இல் பயிற்சி இரண்டாண்டாக நீண்டபோது, கட்டாயச் சேவை இரண்டாண்டாகக் குறைந்தது. பல் மருத்துவர்களுக்கு 2001இல் இந்தக் கடமை வந்தது. மருந்தாளர்களுக்கும் பிறகு வந்தது.

மலேசியா மட்டும் செய்த காரியமில்லை இது. மெக்சிகோவில் 1936இலேயே தொடங்கிவிட்டார்கள். தென்னாப்பிரிக்கா 1998இல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2010இல் வந்த ஓர் ஆய்வு, ஏறக்குறைய 70 நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் கட்டாயச் சேவை இருந்ததாகக் கணக்கிட்டது. சில நாடுகள் சேவைக்குப் பதிலாக மேற்படிப்பு, வீடு, கூடுதல் சம்பளம் என்று ஏதாவது தருகின்றன. சில நாடுகள் கடமையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. டாக்டரை ஓர் ஊருக்குக் கொண்டுவரச் சட்டம் போதும். அங்கே இருக்க வைக்க அது போதாது.

மலேசியாவில் அந்தக் கைம்மாறு நீண்ட காலம் இருந்தது. நிரந்தர வேலை, பென்ஷன், சம்பளத்தோடு சிறப்பு மருத்துவம் படிக்க விடுப்பு. எங்கோ ஒரு மூலையில் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டாலும் பிழைப்புக்கு ஒரு வழி தெரிந்தது. ஆனால் மருத்துவக் கல்லூரிகள் பெருகிக்கொண்டே போயின. 2011இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தடை போட்டபோது காலம் கடந்திருந்தது. அரசாங்கத்தில் பணியிடங்கள் போதவில்லை. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கினார்கள்.

கடமை அப்படியே இருந்தது, கைம்மாறு மட்டும் போனது. 2021 நடுப்பகுதி வரை ஒப்பந்தத்தில் சேர்ந்த 23,077 பேரில் நிரந்தர வேலை கிடைத்தது 789 பேருக்கு. அதே ஆண்டு, கோவிட் வார்டுகள் நிரம்பி வழிந்த நேரத்தில், ஜூலை 26ஆம் தேதி காலை 11 மணிக்கு ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். நோயாளிகளைச் சக டாக்டர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தார்கள். அதன் பிறகு ஒப்பந்தக் காலம் நீட்டப்பட்டது, நிரந்தரப் பணியிடங்களும் கூடின. அதற்குள் பலர் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பியிருந்தார்கள், இன்றும் கிளம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் வேறு வழி ஒன்று இருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு முதுகலை மருத்துவ இடங்களில் பாதியை ஒதுக்கும் வழக்கம் அங்கே உண்டு. அப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்று 2020 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழித்த ஆண்டுகள் ஒரு மருத்துவருக்கு வீணாகாமல் மேற்படிப்புக்குப் படியாகின்றன. கிரியான் போன்ற மாவட்டங்களில் உழைத்தவருக்கும் அப்படியொரு முன்னுரிமையைப் புத்ராஜெயா எழுதிக் கொடுக்கலாம்.

டாக்டர்கள் நிலைத்திருப்பது முக்கியம், ஏனென்றால் இங்கே வரும் நோய்கள் இரண்டு வருஷத்தில் தீர்பவை அல்ல. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் ஆயுளுக்கும் கூடவே வருபவை. ஈப்போவில் பயிற்சி முடித்த தமிழ்ப் பிள்ளைக்குச் சரவாக்கின் உட்பகுதியில் போஸ்டிங் கிடைக்கலாம். கிரியானுக்குக் கிளந்தானிலிருந்தோ சபாவிலிருந்தோ ஒருவர் வரலாம். கால் எரிச்சலையும் குடைச்சலையும் மலாயில் எப்படிச் சொல்வதென்று ஒரு பாட்டி திணறுவார், பேத்தி மொழிபெயர்ப்பார். பாட்டியின் பேச்சு அந்த டாக்டருக்குப் பிடிபடும் நேரத்தில் மாற்றல் வந்துவிடும். அடுத்தவர் வந்து கோப்பைப் புரட்டி, எவ்வளவு நாளாக இனிப்பு நீர் இருக்கிறதென்று முதலிலிருந்து கேட்பார்.