நிராகரிக்கலாகாத பிள்ளைகள்

பார்வையற்றோருக்காக மலாயாவில் தோன்றிய பழைய ஸ்தாபனங்களுள் ஒன்றாகிய செயின்ட் நிக்கலஸ் இல்லம், 1926ஆம் ஆண்டில் நம் மலாக்காவிலேதான் தொடங்கப்பெற்று, பின்னரே பினாங்குக்குப் பெயர்ந்தது. இயலாமையுற்ற பிள்ளையைத் தனி விடுதியில் வைத்துப் பேணுவதே தர்மம் என்று உலகம் கருதிய காலம் அது. இன்றைய சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. ஆயினும் தெபோங், சுங்கை பாரு, ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் இச்செய்தி இன்னும் வீடுதோறும் போய்ச் சேரவில்லை என்றே அஞ்சுகிறேன்.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், தன் 28ஆம் பிரிவில், இயலாமையைக் காரணம் காட்டி எவரையும் பொதுக்கல்வியினின்று விலக்கலாகாது என்று விதிக்கிறது. 2003 முதல் நடப்பிலுள்ள கட்டாயத் தொடக்கக் கல்வி விதியோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கே 5,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறைவாசமும் உண்டென்கிறது. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் மேற்கொண்டது. ஆகவே, "இவன் இங்கே சரிப்பட மாட்டான்" என்று பள்ளி வாசலில் வாய்மொழியாய்ச் சொல்லப்படும் வார்த்தை முடிந்த தீர்ப்பு ஆகாது.

ஆனால் முதல் தடை பெரும்பாலும் பள்ளியிலன்று, வீட்டிலேயே இருக்கிறது. "அவன் அப்பன்கூட அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்லும் சமாதானத்திலும், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை எடுத்தால் மூத்தவளின் கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சலாகுமோ என்ற லஜ்ஜையிலும், பயிற்சியால் மிகுந்த பலன் காணத்தக்க பால்ய வருஷங்கள் வீணே கழிந்துவிடுகின்றன. அந்த அட்டை ஓர் அவமானச் சின்னமன்று, உதவிகளுக்கான நுழைவுச் சீட்டே. அரசாங்கக் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ மருத்துவர் பரிசோதித்துப் பூர்த்தி செய்யும் படிவத்தைச் சமூகநல இலாகாவில் கொடுத்தால் பதிவு நடைபெறும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், எழுத்துக்களை இனங்காண இடர்ப்படும் டிஸ்லெக்சியா ஆகியவை கற்றல் குறைபாடு என்ற பிரிவில் அடங்கும். பள்ளிச் சேர்க்கையை மலாக்கா தெங்ஙா, அலோர்காஜா, ஜாசின் மாவட்டக் கல்வி இலாகாக்களில் விசாரிக்கலாம். சிறப்புக் கல்வித் திட்டத்தில் பயிலும் மாணவருக்கு மாதம் 150 வெள்ளி அலவன்ஸும் உண்டு.

2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி ஒழுங்குமுறைகள், மூன்று மாதங்களுக்கு மேற்படாத பரீட்சார்த்த காலம் ஒன்றை அனுமதிக்கின்றன. அக்காலம் முடியுமுன்னரே பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னால் காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். இதை வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு நிமித்தம் உண்டு: 2008ஆம் ஆண்டின் சட்டம் மீறியவருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை, அதன் 41ஆம் பிரிவோ அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்கும் வழியையும் அடைத்துவிடுகிறது. உரிமையைப் பிரகடனம் செய்துவிட்டு அதைக் காக்கும் ஆயுதத்தைக் கொடாமல் விட்டது பெருங்குறையே. எனவே கடிதங்களின் பிரதிகளும், சந்தித்த அதிகாரியின் பெயரும் தேதியுமே பெற்றோருக்குப் பலம். மாவட்ட இலாகாவில் பயனில்லையேல் மாநிலக் கல்வி இலாகாவுக்கும், பின்னர் மனித உரிமை ஆணையமாகிய சுஹாகாமுக்கும் அவற்றைக் கொண்டு முறையிடலாம்.

இன்னொன்று, நம்மவர்க்கே உரிய சிக்கல். சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப் பள்ளிகளிலும் இல்லை. ஆதலால் வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, பேச்சே தடுமாறும் நிலையில், மலாய் வகுப்பொன்றுக்கு அனுப்பப்படலாம். அதற்கு இசைந்து கையொப்பமிடுமுன், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் உள்ளடக்கக் கல்விக்குத் தம் தமிழ்ப் பள்ளியிலேயே இடமுண்டா, துணையாசிரியர் கிடைப்பாரா என்று பெற்றோர் கேட்டே ஆகவேண்டும்.