திருவிழா மேடையில் லேசர்: கதிர் தலைக்கு மேலே போகட்டும்

வன்னியில் கோயில் திருவிழா இசை நிகழ்ச்சியானாலும், கிளிநொச்சி, வவுனியா மண்டபங்களில் நடக்கும் பூப்புனித நீராட்டு விழாவானாலும், லைட் செட்டோடு இப்போது லேசரும் வந்துவிடுகிறது. புகை போட்டதும் பச்சைக் கதிர்கள் பந்தலைக் கீறிக்கொண்டு ஓட, பிள்ளைகள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். தலைக்கு மேலே போகும்வரை அது அழகுதான். கண்மட்டத்துக்கு இறங்கினால் பார்வையைக் கெடுத்துவிடும்.

வலிக்காத காயம்

பல்பின் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். லேசர் மெல்லிய கற்றையாகவே வரும். அதைக் கண்வில்லை இன்னும் குவித்து, விழித்திரையில் ஊசிமுனையளவு இடத்தில் பாய்ச்சுகிறது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை, சுட்டாலும் தெரியாது. கூச்சத்தில் இமை மூடக் கால் செக்கன் எடுக்கும். 1 மில்லிவாட் கதிரென்றால் அதற்குள் தப்பிவிடலாம். மேடைக்கு வரும் பெட்டிகளில் பல 500 மில்லிவாட்டைத் தாண்டிய 4ஆம் வகுப்பு லேசர்கள். அவற்றிடம் இமை தோற்றுப்போகும். கறுப்புக் கண்ணாடியும் காப்பாற்றாது.

மழையும் தறப்பாளும்

2008 ஜூலையில் மொஸ்கோவுக்கு அப்பால் ஒரு திறந்தவெளி இசைவிழா. மழைக்காகக் கூடாரம் போட்டார்கள். வானத்துக்குப் போகவேண்டிய கதிர்கள் கூட்டத்துக்குள் விழுந்தன. விழித்திரை சுட்டுப் பலர் பார்வை பாதிக்கப்பட்டு வைத்தியசாலைக்குப் போனார்கள். மழை இருட்டினால் நாங்களும் தறப்பாள் கட்டுவோம், தகரம் போடுவோம். அப்படிக் கூரை வந்தால் லேசரை நிறுத்தி, கதிர் எங்கே பட்டுத் திரும்புகிறது என்று பார்த்த பிறகே மறுபடி போடவேண்டும்.

லைட் போடும் தம்பிமாருக்கு

பெட்டியை மேடை முன்னால் மேசையில் வைக்காதீர்கள். உயரத்தில் இறுக்கிப் பூட்டுங்கள். சனம் நிற்கும் நிலத்திலிருந்து குறைந்தது 3 மீற்றருக்கு மேலே கதிர் போகவேண்டும் என்பது வெளிநாடுகளில் பின்பற்றும் அளவு. எங்கள் கூட்டத்தில் அதுகூடப் போதாமல் போகலாம்: தகப்பனின் தோளில் இருக்கும் பிள்ளையின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கதிர் கீழே இறங்காதபடி பெட்டி வாயின் கீழ்ப்பாதியைத் தகட்டால் மறைத்துவிடுங்கள்.

கதிரை ஆட்டும் சின்னக் கண்ணாடிகள் நின்றுபோனால் முழுச் சக்தியும் ஒரே இடத்தில் குத்தும். அதனால் ஒருவர் சுவிச்சருகிலேயே நிற்கவேண்டும். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது முதலில் லேசரை நிறுத்துங்கள். ஒத்திகையைச் சனம் வருமுன் முடித்துவிடுங்கள்.

மறுநாள் கண் மங்கினால்

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சதுரக்கோட்டுக் கொப்பியைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால். கோடு வளைந்தாலோ, நடுவில் கறுப்புப் புள்ளி நின்றாலோ அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகள் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்டுப் பாருங்கள். கண்ணைக் கசக்கவோ, வீட்டில் கிடக்கும் சொட்டுமருந்தை விடவோ வேண்டாம். லேசரின் நிறத்தையும் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பெட்டியில் ஒட்டியுள்ள லேபிளின் படத்தை லைட்காரரிடம் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.